ஜேர்சி மட்டும்தானா, சேர்? – ஒரு சோளன் கழகத்தின் வரலாறு



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள். கழகங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

அண்மையில் நமது பகுதிக் கழகமொன்றின் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போயிருந்தோம். தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். இரண்டு பேருக்கும் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பெயர்ப் பலகையில் மட்டும் ‘இளைஞர்’ என்று எழுதியிருக்கிறது. வாக்குவாதம் இஷாவுக்குப் பாங்கு சொல்லும் வரை நீண்டது. பின்வரிசையில் முப்பது நாற்பது பிள்ளைகள் ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது தரம் 10 படிக்கும் மாணவன் ஒருவன் பக்கத்தில் வந்தான். “சேர், நான் கழகத்துல சேர்ந்து ரெண்டு வருசம். எனக்கு இதுவரைக்கும் ஒரு ஜேர்சிதான் கிடைச்சிருக்கு. மெச்சில பதினொரு பேர்தானே விளையாடலாம். மத்தப் பொடியனுகளுக்கு கழகத்துல என்ன வேலை சேர்?”

உடனே சொல்ல நம்மிடம் பதில் இருக்கவில்லை. நாம் வரலாறு படிப்பிப்பவர்கள். வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினோம். அந்த மாணவனின் கேள்விக்கு, நூறு வருடங்களுக்கு முன்னர் நம்மைப் போன்ற சில ஆசிரியர்கள் தேடிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கதை அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் தொடங்குகிறது. அங்கே கிளார்க் என்றொரு மாவட்டம். அதில் ஸ்பிரிங்பீல்ட் பகுதிக் கிராமப் பாடசாலைகளுக்குப் பொறுப்பாக அல்பேர்ட் பெல்மொன்ட் கிரஹாம் என்பவர் இருந்தார். 1868இல் பிறந்தவர். நமது முறையில் சொன்னால் கோட்டக் கல்விப் பணிப்பாளர் போன்ற பதவி. வயலும் மாடும் உள்ள ஊர்ப் பிள்ளைகள். பாடசாலையில் வாசிப்பு, எழுத்து, கணக்கு. வீட்டில் சோளன், பால், காய்கறி. இரண்டுக்கும் இடையில் எந்தத் தொடர்பும் இல்லை. படித்த பிள்ளை நகரத்துக்குப் போய்விடுவான். படிக்காத பிள்ளை வாப்பா செய்ததையே செய்வான். இந்த நிலைமை நமக்குப் புதிதல்லவே!

1902ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி கிரஹாம் ஒரு கூட்டத்தைக் கூட்டினார். இடம், மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தின் நிலக்கீழ் அறை. வந்தவர்கள் 10 முதல் 15 வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளுமாகச் சுமார் 30 பேர். பாடசாலையில் சொல்லிக் கொடுக்காதவற்றை அங்கே செய்து பார்த்தார்கள். கயிற்றில் முடிச்சுப் போடப் பழகினார்கள். ஒரு துளித் தண்ணீரை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார்கள். வீட்டுத் தோட்டத்து மண்ணை எடுத்து வந்து, பாசிச்சாயத் தாளினால் அது அமிலமா காரமா என்று சோதித்தார்கள். நமது பிள்ளைகள் விஞ்ஞான பாடத்தில் செய்யும் அதே லிட்மஸ் பரிசோதனைதான். ஆனால் அவர்கள் சோதித்தது தங்கள் வீட்டு மண்ணை.

அடுத்து சோளன் விதை. மாநில விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் உதவியோடு நல்ல விதைகளைப் பெற்றுப் பிள்ளைகளிடம் கொடுத்தார். வீட்டுக் காணியில் ஒரு சிறு துண்டில் நட வேண்டும். பராமரிக்க வேண்டும். என்ன செய்தோம், என்ன விளைந்தது என்று எழுதி வைக்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

அன்றைய விவசாயிகள் பல்கலைக்கழகத்தாரை நம்பவில்லை. “புத்தகத்தைப் படித்துவிட்டு எனக்கு வயல் செய்யச் சொல்லித் தர வாறார்” என்பதுதான் அவர்களின் எண்ணம். நமது போடிமாரும் விவசாயப் போதனாசிரியரைப் பற்றி ஒரு காலத்தில் இப்படித்தான் பேசினார்கள். ஆனால் தன் மகன் வேலியோரத்துச் சிறு துண்டில் நட்ட சோளன் தன் வயலை விட நன்றாக நின்றால் வாப்பா என்ன செய்வார்? வாய் திறக்கமாட்டார். அடுத்த வருடம் மகனிடம் விதை கேட்பார். அமெரிக்கக் கிராமங்களில் புதிய விதையும் புதிய முறையும் பரவிய வழிகளில் இந்தப் பிள்ளைகள் முக்கியமான ஒரு வழியாக இருந்தார்கள்.

இது கிரஹாமுக்கு மட்டும் தோன்றிய யோசனை என்று நினைக்க வேண்டாம். ஏறக்குறைய அதே காலத்தில் அயோவா மாநிலத்தில் ஜெஸி பீல்ட் என்ற இளம் ஆசிரியை, 1901இல், தனது சின்னக் கிராமப் பாடசாலையில் ஆண் பிள்ளைகளுக்குச் சோளன் கழகமும் பெண் பிள்ளைகளுக்கு மனைக் கழகமும் தொடங்கியிருந்தார். பின்னர் தனது மாவட்டத்துப் பாடசாலைகள் அனைத்துக்கும் பொறுப்பாளராக வந்து, அங்கெல்லாம் கழகங்களை அமைத்தார். மிசிசிப்பியில் இன்னொரு கல்வி அதிகாரி 1907இல் தொடங்கினார். முதலில் தொடங்கியது எங்கள் மாநிலம்தான் என்று இன்றும் அங்கே பல ஊர்கள் உரிமை கொண்டாடுகின்றன. இதில் நமது கண்ணில் பட்டது வேறொன்று. ஒருவரை ஒருவர் அறியாமல் இதைத் தொடங்கியவர்களில் அதிகமானோர் ஆசிரியர்களும் பாடசாலைகளுக்குப் பொறுப்பானவர்களும்தான்.

தெற்கு மாநிலங்களில் சோளன் கழகங்கள் வேகமாகப் பரவின. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஏக்கர். வருட இறுதியில் போட்டி. இந்தப் போட்டிக்குப் புள்ளி வழங்கிய முறையை நமது கழகங்கள் கவனிக்க வேண்டும். நூறு புள்ளியில் விளைச்சலுக்கு 30. செலவு போக மிஞ்சிய இலாபத்துக்கு 30. காட்சிக்கு வைக்கும் சிறந்த 10 சோளன் பொத்திகளுக்கு 20. “நான் இதை எப்படிச் செய்தேன்” என்று பிள்ளை தானே எழுதும் விபரத்துக்கு 20.

வயலில் என்ன வந்தது என்பதற்கு மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. அதிக உரத்தைக் கொட்டி அதிகம் விளைவித்தவன் இலாபத்தில் தோற்றுப்போவான். வாப்பா செய்து கொடுத்த வயலைத் தன்னுடையது என்று சொன்னவன் எழுத்தில் மாட்டிக்கொள்வான். கணக்கு எழுதாதவனுக்கு வெல்ல வழியே இல்லை.

1910இல் தென் கரோலினாவைச் சேர்ந்த ஜெரி மூர் என்ற பதின்ம வயதுச் சிறுவன் ஒரு ஏக்கரில் 228¾ புசல் சோளன் எடுத்தான். சோளன் புசல் ஒன்று அங்கே 56 இறாத்தல். நமது கணக்கில் ஏறத்தாழ 5,800 கிலோ. அந்தக் காலத்தில் அமெரிக்காவின் சராசரி ஏக்கருக்கு 30 புசல் அளவில்தான் இருந்தது. நாடு முழுவதும் அவனது பெயர் பேசப்பட்டது. கிழவர்கள் செய்யாததை ஒரு பொடியன் செய்துவிட்டான்.

சரி, பெண் பிள்ளைகள்? அதே தென் கரோலினாவில் எய்க்கன் என்ற மாவட்டத்தில் மாரி குரோமர் என்ற கிராமத்து ஆசிரியை. ஆண் பிள்ளைகளின் சோளன் கழகத்தைப் பற்றி ஓர் ஆசிரியர் கூட்டத்தில் கேள்விப்பட்டார். நமது பெண் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று யோசித்தார். 1910இல் தக்காளிக் கழகத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் ஒரு ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு. நமது அளவில் சரியாக 16 பேர்ச்சஸ். வீடு கட்ட ஒரு வளவு வாங்குகிறோமே, ஏறக்குறைய அந்தளவு காணி.

அந்த 16 பேர்ச்சஸில் தக்காளி நட வேண்டும்; காய்த்ததை டின்னில் அடைக்க வேண்டும்; விற்க வேண்டும்; கணக்கு வைக்க வேண்டும். முதலிடம் பெறும் மாணவிக்கு வின்த்ரொப் கல்லூரியில் படிக்க உதவித்தொகை. முதல் வருடம் வென்ற மாணவி அந்தச் சிறு துண்டிலிருந்து 500க்கும் மேற்பட்ட டின்களை அடைத்திருந்தாள். சொந்தமாக உழைத்த காசை முதன்முதலாகக் கையில் எடுத்துப் பார்த்த பெண் பிள்ளைகள் அந்தக் கழகங்களில் ஏராளம்.

இப்படித் தனித்தனியாக இருந்த கழகங்களுக்கு மெல்ல மெல்ல ஒரு பெயரும் சின்னமும் வந்தன. முதலில் மூன்று இலைச் சின்னம்: தலை, இதயம், கைகள். ஆங்கிலத்தில் ஹெட், ஹார்ட், ஹேண்ட்ஸ். மூன்றும் ‘எச்’ எழுத்தில் தொடங்குகின்றன. 1911 அளவில் நான்காவது இலையும் சேர்ந்தது. பின்னர் அது ஹெல்த், அதாவது ஆரோக்கியம் என்று நிலைத்தது. இதுதான் இன்று உலகம் அறிந்த ‘ஃபோர்-எச்’ கழகம். 1914ஆம் ஆண்டு மே 8ஆம் திகதி ஜனாதிபதி வூட்ரோ வில்சன் கையொப்பமிட்ட ஸ்மித்-லீவர் சட்டம், மத்திய அரசு, மாநிலம், மாவட்டம் மூன்றும் செலவைப் பங்கிட்டு விவசாய விரிவாக்கல் சேவையை நடத்த வழி செய்தது. ஊருக்கு ஊர் இருந்த பிள்ளைகளின் கழகங்களுக்கு அதன் மூலம் நிரந்தரமான தாங்கல் கிடைத்தது.

இனி, அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். ஒரு பிள்ளைக்கு அங்கே என்ன வேலை இருந்தது?

முதலாவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு வேலை. ஒரு கன்றுக்குட்டி, ஒரு பாத்தி மரக்கறி, ஒரு தையல் வேலை. பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது அவனுடையது. செத்தாலும் பிழைத்தாலும் அவன்தான் பொறுப்பு. அதற்கென்று ஒரு பதிவுப் புத்தகம். என்ன செலவு, என்ன வரவு, எங்கே பிழைத்தது என்று அவனே எழுத வேண்டும்.

இரண்டாவது, கழகத்தைப் பிள்ளைகளே நடத்துவார்கள். தலைவர், உப தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோரும் பிள்ளைகள். தீர்மானத்தை முன்மொழிவது, வழிமொழிவது, வாக்கெடுப்பது, சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசிப்பது எல்லாம் அவர்களே. வளர்ந்தவர் ஒருவர் இருப்பார். அவர் தலைமை தாங்கமாட்டார், பக்கத்தில் இருப்பார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பிழையான முறையில் வாக்கெடுத்தால் பிறகு திருத்துவார். அந்தக் கதிரையைப் பறித்துக்கொள்ளமாட்டார்.

மூன்றாவது, கூட்டாகச் செய்து காட்டுதல். இரண்டு மூன்று பிள்ளைகள் ஓர் அணியாகச் சேர்ந்து, தாங்கள் கற்றதைச் சபைக்கு முன்னால் செய்து காட்ட வேண்டும். ஒருவர் செய்வார், மற்றவர் விளக்குவார், பிறகு மாறிக்கொள்வார்கள். பேச வெட்கப்படும் பிள்ளைக்குக் கையில் வேலை இருந்தால் பேச்சுத் தானாக வரும். வகுப்பறையில் இதை நாமே பல தடவை கண்டிருக்கிறோம். ஒருவர் மட்டும் கெட்டிக்காரராக இருந்து பயனில்லை. மற்றவர் தடுமாறினால் அணிதான் விழும். குழு வேலை என்பதை அவர்கள் சொற்பொழிவில் படிக்கவில்லை.

நான்காவது, வருட இறுதியில் ஒரு சாதனை நாள். அன்று ஒவ்வொரு பிள்ளையும் தான் செய்ததைக் கொண்டு வந்து வைப்பான். காலப்போக்கில் அங்கே பல இடங்களில் பரிசு கொடுக்கும் முறையையும் மாற்றினார்கள். முதலாம், இரண்டாம், மூன்றாம் இடம் என்று மூன்று பேரை மட்டும் மேடையேற்றுவதற்குப் பதிலாக, ஒரு தரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அந்தத் தரத்தை எட்டியவர்கள் அனைவருக்கும் நீல நாடா. அதற்கு அடுத்த நிலைக்குச் சிவப்பு, அடுத்ததற்கு வெள்ளை. இருபது பேர் நன்றாகச் செய்தால் இருபது பேருக்கும் நீலம்.

இந்த இடத்தில் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருடங்களுக்கு முன்னர் ஒரு கழகத்துக்கு ஆலோசகராக இருந்தோம். செயலாளராக ஒரு மாணவனைத் தெரிவு செய்திருந்தார்கள். அவனது எழுத்து அழகில்லை. கூட்டறிக்கையில் எழுத்துப் பிழைகள். பிரதேச செயலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்றதும், அந்தப் புத்தகத்தை அவனிடமிருந்து வாங்கி நாமே திரும்பவும் எழுதினோம். “நீ கதிரைகளைப் பார்த்துக்கொள் மகன்” என்றோம். அறிக்கையைப் பார்த்த அதிகாரி பாராட்டினார். அந்த மாணவன் அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. ஏன் என்று நாமும் கேட்கவில்லை. கிரஹாமைப் பற்றி வாசிக்கும்போது அந்தப் புத்தகம்தான் கண்ணுக்குள் நின்றது. பிழையோடு எழுதிய ஓர் அறிக்கை யாருக்கும் ஒரு நட்டத்தையும் கொடுத்திருக்காது.

ஆனால் வரலாற்றை ஒரு பக்கமாகச் சொன்னால் அது வரலாறாகாது. இந்தக் கழகங்களுக்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு.

தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இந்தக் கதவு அதே மாதிரித் திறக்கவில்லை. அவர்களுக்குள்ளும் உழைத்தவர்கள் இருந்தார்கள். அலபாமாவில் டஸ்கிகீ நிறுவனத்திலிருந்து ஜோர்ஜ் வொஷிங்டன் கார்வரின் யோசனைப்படி, விதைகளும் கருவிகளும் ஏற்றிய ஒரு வண்டி 1906இல் கிராமம் கிராமமாகப் போனது. அதே வருடம் தோமஸ் கெம்பல் என்பவர் அதற்குப் பொறுப்பானார். அமெரிக்காவின் முதலாவது கறுப்பின விவசாய விரிவாக்கல் அலுவலர் அவர். கறுப்பினப் பிள்ளைகளுக்கும் கழகங்கள் உருவாகின. ஆனால் அவை தனியாக. அதிகாரிகள் தனி, முகாம்கள் தனி, பணமும் குறைவு. 1914ஆம் ஆண்டுச் சட்டம் பணத்தை எந்தக் கல்லூரிக்குக் கொடுப்பது என்ற முடிவை மாநிலச் சட்ட சபைகளிடம் விட்டது. தெற்கில் அந்தச் சபைகள் யாருடைய கையில் இருந்தன என்று சொல்லத் தேவையில்லை.

1927இல் தலைநகர் வொஷிங்டனில் தேசிய முகாம் தொடங்கியது. தெற்கின் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. 21 வருடங்களுக்குப் பிறகு, 1948இல், அவர்களுக்கென்று தனியாக ஒரு பிராந்திய முகாம் லூசியானாவில் நடந்தது. அதே நான்கு இலைச் சின்னம், அதே உறுதிமொழி. ஆனால் வேறு கூடாரம்.

1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. இனிப் பிரித்து வைக்க முடியாது. வட கரோலினாவில் 1965இல் இரண்டு சேவைகளையும் ஒன்றாக்கினார்கள். எழுத்தில் எல்லாக் கழகமும் எல்லோருக்கும். ஆனால் ஊர்களில் வெள்ளையர் மட்டும் உள்ள கழகங்களும் கறுப்பினத்தவர் மட்டும் உள்ள கழகங்களும் அப்படியே தொடர்ந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1986இல் தீர்ப்பு. சம்பளப் பாகுபாடு விடயத்தில் கறுப்பின அலுவலர்களின் பக்கம் நியாயம் கிடைத்தது. கழகங்கள் விடயத்தில் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னதன் சாரம் இதுதான்: யாரையும் தடுக்கவில்லை, சேர்வது அவரவர் விருப்பம், கதவைத் திறந்து வைத்தால் போதும். ஐந்துக்கு நான்கு. நான்கு நீதிபதிகள் அதை ஏற்கவில்லை.

சட்டப்படி எது சரி என்று தீர்ப்புச் சொல்வது நமது வேலையில்லை. ஆனால் ஆசிரியராக ஒன்று தெரியும். வகுப்பறைக் கதவு திறந்துதான் இருக்கிறது. அதனால் மட்டும் எல்லாப் பிள்ளையும் உள்ளே வருவதில்லை. வராத பிள்ளையின் வீட்டுக்கு யாராவது போக வேண்டும்.

இப்போது நமது கழகங்களைப் பாருங்கள். “யாரையும் நாங்கள் தடுக்கவில்லையே” என்று நாமும் சொல்வோம். உண்மைதான். ஆனால் நமது கழகத்தின் கடைசிக் குழுப் படத்தை எடுத்துப் பாருங்கள். அதில் இல்லாதவர்கள் யார்? பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? ஓ.எல். எழுதாமல் கடைக்கு வேலைக்குப் போன பையன் இருக்கிறானா? வாடி ஓரத்து மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை? அங்கவீனமுற்ற பிள்ளை? ஓட்டத்தெரியாத, பந்து பிடிக்கத் தெரியாத, ஆனால் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை? பக்கத்து ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளோடு சேர்ந்து நமது கழகம் கடைசியாக ஒரு வேலை செய்தது எப்போது?

பெண் பிள்ளைகள் விடயத்தில் சிலர் தயங்குவார்கள் என்பது தெரியும். மாரி குரோமர் செய்ததை நினைத்துப் பாருங்கள். அவர் பெண் பிள்ளைகளைச் சோளன் கழகத்தின் ஓரத்தில் உட்கார வைக்கவில்லை. அவர்களுக்கென்று அவர்களே நடத்தும் ஒரு கழகத்தை, உண்மையான உழைப்போடும் உண்மையான காசோடும் கொடுத்தார். நமது பெண் பிள்ளைகள் பாடசாலையில் முன்னுக்கு நிற்கிறார்கள், பல்கலைக்கழகம் போகிறார்கள். ஊரில் மட்டும் அவர்களுக்கு ஒரு கூட்டறிக்கைப் புத்தகம் கூட இல்லை. டீச்சர்மார் இரண்டு பேர் முன்வந்தால் இது ஆகாத காரியமல்ல.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு நமது வரலாற்றிலிருந்தும் ஒன்று. 1942இல், யுத்த காலத்தில், உணவு உற்பத்தியைக் கவனிக்கும் பொறுப்போடு ஓர் இளம் சிவில் சேவை அதிகாரி கல்முனைக்கு வந்தார். வந்தவர் நெல்லோடு நிற்கவில்லை. அதே வருடம் கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கமொன்றை உருவாக்கினார். 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் அவரது முயற்சியில் தொடங்கியது. பிறகு அரச பதவியை விட்டு, 1948இல் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். 1950இல், ஊருக்கு ஊர் இருந்த முஸ்லிம் வாலிபர் சங்கங்களை ஒன்றிணைத்து அகில இலங்கை வை.எம்.எம்.ஏ. பேரவையை உருவாக்கி அதன் முதல் தலைவரானார். அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸைத்தான் சொல்கிறோம். வயல், கல்வி, வாலிபர் கழகம் என்ற மூன்றையும் ஒரே கயிற்றில் கட்ட முடியும் என்று நமது மண்ணிலேயே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். 1979இல் தேசிய இளைஞர் சேவைகள் மன்றச் சட்டம் வந்த பிறகு அரசாங்கத்தின் இளைஞர் கழக வலையமைப்பும் இருக்கிறது. ஆகவே கட்டமைப்பு இல்லை என்று நாம் சொல்ல முடியாது.

நமது இளைஞர்களிடம் மனமில்லை என்றும் சொல்ல முடியாது. 2004 சுனாமியில் இடிபாடுகளுக்குள் முதலில் இறங்கியவர்கள் யார்? வெள்ளம் வந்தால் தோணி தள்ளுபவர்கள் யார்? இரத்ததான முகாமில் வரிசையில் நிற்பவர்கள், ஜனாஸாவுக்குக் கபுறு வெட்டுபவர்கள் யார்? இந்தப் பிள்ளைகள்தான். தூக்கிச் சுமக்க அவர்களை நம்புகிறோம். கணக்கு எழுதவும் தீர்மானம் எடுக்கவும் நம்பத் தயங்குகிறோம்.

கழக நிர்வாகங்களிடம் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம். எதற்கும் பெரிய பணம் தேவையில்லை.

ஒன்று: ஒவ்வொரு அங்கத்தவருக்கும் ஒரு வருட வேலை. வீட்டுத்தோட்டம், கோழி வளர்ப்பு, வாசிகசாலைப் புத்தகங்களை ஒழுங்கு செய்வது, வயதானவர்களின் கிளினிக் திகதிகளைக் குறித்து வைத்து அழைத்துப் போவது, சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது. எதுவாகவும் இருக்கட்டும். அதற்கு ஒரு 80 பக்கக் கொப்பி. அதில் அவனே எழுத வேண்டும்.

இரண்டு: செயலாளரும் பொருளாளரும் இருபது வயதுக்குக் குறைந்தவர்களாக இருக்கட்டும். வங்கிக் கணக்கில் பெரியவர் ஒருவர் கூட்டாகக் கையொப்பமிடலாம். ஆனால் புத்தகம் பிள்ளையின் கையில். பெரியவர்கள் ஆலோசகர்களாகப் பின்வரிசைக்கு வாருங்கள். நாமும் வருகிறோம்.

மூன்று: வருடத்துக்கு ஒரு சாதனை நாள். கிண்ணம் வென்ற பதினொரு பேருக்கு மட்டுமல்லாமல், சொன்ன வேலையைச் சொன்ன தரத்துக்குச் செய்து முடித்த எல்லாப் பிள்ளைக்கும் மேடை. உம்மாமார் வந்து பார்க்கட்டும்.

நான்கு: கழகத்தில் இல்லாத பிள்ளைகளின் பட்டியலொன்று. வட்டாரம் வட்டாரமாக, பெயரோடு. அதை எழுதுவது புதிய செயலாளரின் முதல் வேலையாக இருக்கட்டும். பிறகு இரண்டு இரண்டு பேராக அந்த வீடுகளுக்குப் போகட்டும்.

விளையாட்டு வேண்டாம் என்று நாம் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். மைதானம் இருக்கட்டும், மெச் இருக்கட்டும். ஆனால் மைதானத்தில் பதினொரு பேருக்குத்தான் இடம்.

கிரஹாம் 1960 வரை, 91 வயது வரை வாழ்ந்தார். நிலக்கீழ் அறையில் முப்பது பிள்ளைகளோடு தொடங்கியது நாடு முழுவதும் பரவியதையும் கடல் கடந்ததையும் அவர் கண்ணால் கண்டார். அன்று அவரிடம் இருந்தவை ஓர் அறை, கொஞ்சம் விதை, சில லிட்மஸ் தாள்கள். அதற்கு மேல் பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை.

நேற்று அந்தத் தரம் 10 மாணவனைத் திரும்பவும் சந்தித்தோம். ஒரு 80 பக்கக் கொப்பியைக் கையில் கொடுத்து, “உனது வட்டாரத்தில் கழகத்துக்கு வராத பிள்ளைகளின் பெயரை எழுது, அவர்களுக்கு என்ன தெரியும் என்றும் எழுது” என்றோம். முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தான். “எழுத்துப் பிழை வந்தால் பரவாயில்லையா சேர்?” என்று கேட்டான்.

பரவாயில்லை மகன் என்றோம். இந்தத் தடவை அந்தப் புத்தகத்தை நாம் திருப்பி வாங்கமாட்டோம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வட்டாரத்தில் ஒரு கொப்பியைக் கொடுக்க யார் தயார்? கீழே பெயரை எழுதுங்கள். கொப்பி நமது பொறுப்பு.